ஓடும் கண்டெய்னரை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்தே தொடர்வது: முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் எங்கள் அலுவலகம் இருக்கும் தெருவில் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால் மாலைதான் திரும்ப வரும். யூபிஎஸ் அரைமணி நேரம் தாங்கும். மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணக்கை அதற்குள் நிறுத்த வேண்டும். மாலையில் முதலிலிருந்து தொடங்காமல் அதே வரியிலிருந்து தொடரவும் வேண்டும்.

மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கடைமடைக்கு எத்தனை நாளில் எவ்வளவு போய்ச் சேரும் என்று போட்டுப் பார்க்கிற கணக்கு அது. ஒரு கண்டெய்னருக்குள், அதாவது நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் தனியாக அடைத்து ஓட்டும் சூழலுக்குள் ஓடுகிறது, 6 ஜிபி மெமரி பிடிக்கிறது. நடுவில் எங்கும் தன் நிலையைக் கோப்பில் எழுதி வைக்கும்படி அந்த நிரல் எழுதப்படவில்லை. இப்படிப்பட்ட நிரலுக்குத்தான், ஓடும் நிரலின் நிலையை அப்படியே டிஸ்கில் எழுதி வைக்கும் செக்பாயிண்ட் கைகொடுக்கும்.

எங்களிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். செக்பாயிண்ட் எடுப்பது சுலபமாக முடிந்துவிடும், மீட்கும்போதுதான் தோற்கும். அந்தத் தோல்விக்கான காரணம் எடுப்பதற்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும். அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. எது உள்ளே வரும், எது வெளியே நிற்கும்

இந்த வேலையைச் செய்வது க்ரியு என்னும் கருவி. அது கண்டெய்னரில் உள்ள எல்லா புராசஸ்களையும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையும்) முதலில் உறைய வைக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் சிறு துண்டு நிரலை நுழைத்து, மெமரியை வெளியே எழுதிவிட்டு, நுழைத்த துண்டை எடுத்துவிடும். மீட்கும்போது அதே பிஐடி எண்ணில் (புராசஸின் அடையாள எண்ணில்) புராசஸ்களைப் பிறப்பித்து, மெமரியை அதே முகவரிகளில் வைத்து, திறந்திருந்த கோப்புகளைத் திரும்பத் திறந்து, ஓட விடும்.

நிரல் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அந்தக் கோப்பின் பாதை, அளவு, எத்தனையாவது பைட்டில் நின்றது போன்ற விவரங்கள் மட்டும்தான் க்ரியு எழுதும் சேமிப்பில் இருக்கும். கோப்பின் உள்ளடக்கத்தை க்ரியு எடுத்து வைப்பதில்லை (ஒரே விதிவிலக்கு 11ஆம் பகுதியில் வரும்). கண்டெய்னரின் இமேஜ் (எதிலிருந்து கண்டெய்னர் தொடங்கப்படுகிறதோ அந்த அடிப்படைக் கோப்புத் தொகுப்பு), வெளியிலிருந்து மவுண்ட் செய்த, அதாவது கண்டெய்னருக்குள் தெரியும்படி இணைத்த அடைவுகள், இணைப்பின் மறுமுனையில் இருக்கும் சர்வர், சுவரில் ஓடும் கடிகாரம், சிபியுவின் வகை எல்லாமே வெளியேதான் நிற்கின்றன. இவை அப்போது இருந்தபடியே இப்போதும் இருந்தால் மீளும், இல்லையென்றால் மீளாது.

நாற்றங்காலில் கை வைப்பதற்கு முன்பே நடவு வயலைச் சேறடித்துப் பரம்படித்து வைப்பது நம்மூர் வழக்கம். பிடுங்கிய நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு வயலைத் தேட முடியாது. இதுவும் அப்படித்தான், மீட்கப் போகும் இடத்தைத் தயார் செய்த பிறகுதான் செக்பாயிண்ட் எடுக்க வேண்டும்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

லினக்ஸ் கணினி வேண்டும், ரூட் உரிமை (கணினியின் முழு நிர்வாக உரிமை) வேண்டும். கண்டெய்னர்களை இயக்கும் மென்பொருளான பாட்மேனைச் சாதாரணப் பயனராக ஓட்டிப் பழகியவர்கள் இங்கே முதல் அடி வாங்குவார்கள். ரூட் இல்லாமல் தொடங்கிய கண்டெய்னரைப் பாட்மேன் செக்பாயிண்ட் எடுக்காது. சாதாரணப் பயனரின் கண்டெய்னர்கள் ரூட்டின் பட்டியலில் தெரியவும் மாட்டா. எனவே தொடங்கும்போதே, ரூட் உரிமையோடு ஓட்டும் சூடோ கட்டளையைப் போட்டுத் தொடங்குங்கள். இமேஜையும் ரூட்டாகவே இறக்குங்கள்.

நான் இங்கே பாட்மேனை எடுத்துக்கொள்கிறேன். அதே வேலையைச் செய்யும் டாக்கரிலும் இந்த வசதி உண்டு. ஆனால் அது சோதனை வசதியாகவே வைக்கப்பட்டிருக்கிறது, டீமனின் (பின்னணியில் ஓடும் அதன் சேவையின்) அமைப்புக் கோப்பில் அதைத் தனியாக இயக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி வேறு கணினிக்குக் கொண்டுபோகப் பாட்மேன்தான் எளிது. பல கணினிகளில் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் 1.25ஆம் பதிப்பில் இந்த வசதி ஆல்ஃபா நிலையில் வந்து, 1.30இல் பீட்டாவுக்கு உயர்ந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு கணினியிலும் ஓடும் அதன் முகவரான க்யூப்லெட் வழியாக எடுக்கத்தான் முடியும், 'பாட்' என்னும் கண்டெய்னர் தொகுப்பைத் திரும்ப மீட்பது தனி வேலை. முதலில் ஒரு கணினியில் பாட்மேனோடு பழகிவிட்டு அங்கே போங்கள்.

க்ரியு தனிப் பொதியாக நிறுவப்பட வேண்டும். ஃபெடோராவில் களஞ்சியத்திலேயே கிடைக்கும், எல்லா வினியோகங்களிலும் அப்படி இல்லை. நிறுவியதும் இதை ஓட்டுங்கள்:

சூடோ க்ரியு செக்

எல்லாம் சரியாக இருந்தால் 'லுக்ஸ் குட்' என்று ஒரு வரி வரும். வராவிட்டால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) இல்லாத வசதியை வேறெந்த ஆப்ஷனாலும் ஈடுகட்ட முடியாது.

கண்டெய்னரை இயக்கும் ரன்டைம் சி-ரன்னா ரன்-சியா என்பதையும் பாட்மேன் இன்ஃபோவில் பார்த்துக் குறித்து வையுங்கள். எடுத்ததும் மீட்பதும் ஒரே ரன்டைமாக இருக்க வேண்டும்.

டிஸ்க் இடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மெமரி முதலில் கண்டெய்னரின் சொந்த அடைவில் எழுதப்படும், அதன் பிறகுதான் வேறு கணினிக்குக் கொண்டுபோகக்கூடிய ஒரே கோப்பாக, அதாவது ஏற்றுமதிக் கோப்பாகக் கட்டப்படும். 6 ஜிபி மெமரிக்கு 12 ஜிபி காலியிடமாவது வைத்துக்கொள்கிறேன். டிஸ்க் நிரம்பி பாதியில் நின்றால், யூபிஎஸ் தரும் அரைமணி நேரத்தில் கால்வாசி அதிலேயே போய்விடும்.

3. முதலில் எண்ணும் கண்டெய்னரில் பழகுங்கள்

நேராக உங்கள் வேலைக் கண்டெய்னரில் கை வைக்காதீர்கள். நொடிக்கு ஒரு எண்ணை அச்சிடும் சின்ன கண்டெய்னர் ஒன்று போதும். அல்பைன் என்னும் சிறிய லினக்ஸின் இமேஜில், ஷெல்லில் ஒரு வைல் லூப் போட்டு, எண்ணைக் கூட்டி, எக்கோ செய்து, ஒரு நொடி தூங்கவிட்டுப் பின்னணியில் ஓட விடுங்கள். பெயர் 'எண்ணி' என்று வைத்துக்கொள்வோம்.

லாக்கில் (நிரல் அச்சிடுபவற்றின் பதிவில்) 40, 41 என்று ஓடும்போது:

சூடோ பாட்மேன் கண்டெய்னர் செக்பாயிண்ட் எண்ணி

கண்டெய்னர் நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து:

சூடோ பாட்மேன் கண்டெய்னர் ரீஸ்டோர் எண்ணி

லாக்கில் அடுத்த எண் விட்ட இடத்திலிருந்து வர வேண்டும். 1 என்று வந்தால் நீங்கள் ரீஸ்டோருக்குப் பதில் ஸ்டார்ட் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தவறு இங்கே நடந்தால் நஷ்டம் 41 நொடி. வேலைக் கண்டெய்னரில் நடந்தால் மூன்று நாள். கை பழகட்டும் என்பதற்காக இதை ஒவ்வொருவரையும் ஐந்து முறையாவது செய்யச் சொல்கிறேன்.

எண்ணியை வைத்துக் கணினியை ரீபூட் செய்யும் பயிற்சியும் செய்யுங்கள். செக்பாயிண்ட் எடுத்து, ரீபூட் செய்து, ரீஸ்டோர் கொடுங்கள். மின்நிறுத்த நாளில் நடக்கப் போவது இதுதான்.

4. கண்டெய்னரைத் தொடங்கும்போதே செய்ய வேண்டியவை

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஓடத் தொடங்கிய பிறகு இவற்றில் எதையும் மாற்ற முடியாது.

இமேஜின் டேகை (எந்தப் பதிப்பு என்று சொல்லும் பெயரை) லேட்டஸ்ட் என்று விடாதீர்கள். ஏற்றுமதிக் கோப்பில் அடிப்படை இமேஜ் இருக்காது. இமேஜின் மேல் கண்டெய்னர் செய்த மாற்றங்கள் மட்டுமே இருக்கும். ஒருமுறை எங்கள் சர்வரில் செக்பாயிண்ட் எடுத்த பிறகு யாரோ லேட்டஸ்டைப் புதுப்பித்துவிட்டார்கள். வேறு கணினியில் மீட்கப் போனபோது புது இமேஜ் இறங்கியது. அதிலிருந்த ஒரு லைப்ரரியின் அளவு மாறியிருந்தது. க்ரியு மீட்கும்போது கோப்பின் அளவை ஒப்பிட்டுப் பார்க்கும், மாறியிருந்தால் மறுத்துவிடும். இரண்டு நாள் கணக்கு போயிற்று. அன்று முதல் பதிப்பு எண்ணோடுதான் டேக் வைக்கிறோம், முடிந்தால் அந்த இமேஜின் உள்ளடக்கத்துக்கே உரிய அடையாளமான டைஜஸ்டையே எழுதுகிறோம்.

தரவை எங்கே வைக்கிறீர்கள் என்பது அடுத்தது. பெயரிட்ட வால்யூமில் (பாட்மேனே நிர்வகிக்கும் சேமிப்பிடத்தில்) வைத்தால் பாட்மேன் ஏற்றுமதிக் கோப்பிலேயே அதையும் சேர்த்துக் கட்டும். வெளியிலுள்ள அடைவை நேரடியாக மவுண்ட் செய்திருந்தால் சேர்க்காது. அதை நீங்கள்தான் தனியாக நகலெடுக்க வேண்டும், மீட்கும் கணினியில் அதே பாதையில் வைக்கவும் வேண்டும். நிரல் எழுதும் கோப்புகளுக்கு வால்யூம், படிக்க மட்டும் செய்யும் பெரிய தரவுக்கு வெளி அடைவு என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம். ஆறுகளின் குறுக்குவெட்டு அளவுகள் எல்லாம் படிக்க மட்டுமே, அவை மாறப் போவதில்லை.

சில விஷயங்களைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுங்கள். முனையத்தோடு ஊடாடும் வகையில் கண்டெய்னரைத் தொடங்காதீர்கள், பின்னணியில் ஓட விடுங்கள். ஆர்எம் ஆப்ஷன் போட்டால், ஏற்றுமதி இல்லாமல் செக்பாயிண்ட் எடுக்கப் பாட்மேன் மறுத்துவிடும். நின்றவுடன் அழியப்போகும் கண்டெய்னருக்குள் சேமித்தால் அதுவும் சேர்ந்து அழியும் என்பதால்தான் இந்த மறுப்பு. ஐஓ யூரிங் என்னும் கெர்னல் வசதியைப் பயன்படுத்தும் நிரல்களை க்ரியுவால் எடுக்க முடியாது. ஜிபியு, யூஎஸ்பி போன்ற சாதனங்களைத் திறந்து வைத்திருக்கும் நிரல்களும் சிக்கல்தான். என்விடியா, ஏஎம்டி ஜிபியுக்களுக்கென்று க்ரியுவில் தனி செருகுநிரல்கள் இருக்கின்றன, ஆனால் முதல் முயற்சியிலேயே அவற்றை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, கண்டெய்னரை சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) சேவையாக ஓட்டுகிறீர்களா? 'எப்போதும் மறுபடி தொடங்கு' என்று அதில் எழுதியிருந்தால், செக்பாயிண்டுக்காக நின்ற கண்டெய்னரை அது புதிதாகத் தொடங்கிவிடும். கணினி எழும்போதே தொடங்கும்படி அந்தச் சேவையை இயக்கி வைத்திருந்தால், மாலையில் மின்சாரம் வந்தவுடனும் இதே நடக்கும். நீண்ட கணக்குகளுக்கு அந்தத் தானியங்கித் தொடக்கத்தை நீக்கிவிடுங்கள்.

5. எடுக்கும் வரிசை

மின்நிறுத்த நாளில் எங்கள் வேலை 7:30க்குத் தொடங்கும். முதலில் இமேஜைப் பாட்மேன் சேவ் மூலம் ஒரு கோப்பாக எடுத்து வைப்போம். நாமே கட்டிய இமேஜ் எந்த ரெஜிஸ்ட்ரியிலும் (இமேஜ்களை வைத்திருக்கும் சர்வரிலும்) இருக்காது, கணினிக்கு ஏதாவது ஆனால் அதையும் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். திரும்பக் கட்டினால் பைட்டுக்குப் பைட் அதே இமேஜ் வரும் என்ற உறுதி இல்லை.

அடுத்து, அந்தக் கண்டெய்னரோடு பேசும் மற்றவற்றை நிறுத்துவோம். எங்களுக்கு அது ஒரு வலைப்பக்கம், கணக்கின் நிலையைக் காட்டுவது. அது இணைப்பை வைத்துக்கொண்டிருந்தால் செக்பாயிண்ட் தோற்கும். இதைப் பற்றி 9ஆம் பகுதியில் சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒத்திகை. எங்கள் கண்டெய்னரின் பெயர் 'நீர்க்கணக்கு', அதை நிறுத்தாமலே ஒரு செக்பாயிண்ட்:

சூடோ பாட்மேன் கண்டெய்னர் செக்பாயிண்ட் --லீவ்-ரன்னிங் --எக்ஸ்போர்ட் /சேமிப்பு/ஒத்திகை.டார் நீர்க்கணக்கு

மெமரியை எழுதும் நேரம் வரை கண்டெய்னர் உறைந்து, பிறகு தானாகத் தொடரும். எவ்வளவு நேரம் பிடித்தது என்று கடிகாரத்தைப் பாருங்கள். பிரிண்ட்-ஸ்டாட்ஸ் ஆப்ஷன் சேர்த்தால் உறைந்திருந்த நேரம், மெமரி எழுதிய நேரம் எல்லாம் மைக்ரோ நொடிக் கணக்கில் வரும். மெமரி எவ்வளவு பெரியதோ, டிஸ்க் எவ்வளவு மெதுவோ, அவ்வளவு நேரம் ஆகும். இந்த அளவு தெரிந்தால்தான் கடைசி செக்பாயிண்டை எத்தனை மணிக்குத் தொடங்குவது என்று முடிவு செய்ய முடியும்.

ஒத்திகைக் கோப்பை வைத்து மாலையில் மீட்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். அது நடக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகைக்குப் பிறகும் நிரல் ஓடியிருக்கிறது, தன் கோப்புகளில் எழுதியிருக்கிறது. மெமரி 7:45இல் நிற்கும், கோப்புகள் 8:30இல் நிற்கும். நிரல் ஏற்கெனவே எழுதிய வரிகளை மறுபடி எழுதும், அல்லது மீட்பே தோற்கும்.

நான்காவதாக, 8:30க்குக் கடைசி செக்பாயிண்ட். இதில் லீவ்-ரன்னிங் கிடையாது:

சூடோ பாட்மேன் கண்டெய்னர் செக்பாயிண்ட் --கீப் --எக்ஸ்போர்ட் /சேமிப்பு/நீர்-காலை.டார் நீர்க்கணக்கு

கீப் ஆப்ஷன் போட்டால் க்ரியுவின் லாக் கோப்புகளும் மிஞ்சும். தோற்றால் காரணம் தேட இவை வேண்டும்.

நிரல் கோப்புகளில் பூட்டு போடுகிறதென்றால் ஃபைல்-லாக்ஸ் ஆப்ஷனையும் சேர்க்க வேண்டும். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் நிரல்கள் எல்லாம் இதில் வரும்.

ஐந்தாவதாக, கண்டெய்னர் நின்ற பிறகுதான் வெளி அடைவுகளை நகலெடுப்போம். இந்த வரிசையைப் புதியவர்கள் மாற்றிவிடுகிறார்கள். முதலில் அடைவை நகலெடுத்துவிட்டு, பிறகு செக்பாயிண்ட் எடுக்கிறார்கள். அந்த இடைவெளியில் நிரல் அங்கே எதையாவது எழுதியிருந்தால் அது நகலில் இருக்காது, ஆனால் எழுதிவிட்டதாக மெமரி நினைத்துக்கொண்டிருக்கும்.

6. கோப்பைப் பார்த்து, பூட்டி வைப்பது

செக்பாயிண்ட்-சிடிஎல் என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. அதில் ஷோ கட்டளை கொடுத்து ஏற்றுமதிக் கோப்பின் பெயரைச் சொன்னால், எந்த இமேஜ், எந்த ரன்டைம், எப்போது எடுத்தது, எவ்வளவு அளவு என்று காட்டும். அளவு நீங்கள் எதிர்பார்த்த மெமரிக்குச் சம்பந்தமே இல்லாமல் சிறியதாக இருந்தால், வேறு கண்டெய்னரை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

பாட்மேன் இயல்பாக இசட்ஸ்டாண்டர்ட் முறையில் சுருக்கும். நீங்கள் கோப்பின் பெயரில் டார்.ஜீஇசட் என்று எழுதினாலும் உள்ளே இருப்பது ஜீசிப் அல்ல. 'கோப்பு கெட்டுவிட்டது' என்று பதறி வந்த ஒருவரின் கோப்பு நன்றாகவே இருந்தது, அவர் ஜீஅன்சிப்பில் திறக்கப் பார்த்திருக்கிறார்.

அந்தக் கோப்பு மெமரியின் நகல் என்பதை மறக்காதீர்கள். தரவுத்தளக் கடவுச்சொல், தனிச்சாவி, பயனர்கள் அனுப்பிய விவரம் எல்லாம் அப்படியே திறந்து கிடக்கும். ரூட்டுக்கு மட்டும் படிக்கும் உரிமை கொடுங்கள். பென் டிரைவில் போட்டு வேறு ஊருக்கு எடுத்துப் போவதென்றால் குறியாக்கம் செய்த பிறகு எடுத்துப் போங்கள். இதில் எனக்குச் சமரசமே இல்லை.

7. அதே கணினியில் மீட்பது

மாலை மின்சாரம் வந்ததும் அவசரப்படாதீர்கள். முதலில் கண்டெய்னர் பட்டியலைப் பார்த்து, அது நின்ற நிலையில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஏதாவது ஒரு ஸ்கிரிப்ட் அதைப் புதிதாகத் தொடங்கியிருந்தால் உடனே நிறுத்துங்கள், வெளி அடைவில் அது எதையாவது மாற்றியிருந்தால் காலையில் எடுத்த நகலைத் திரும்ப வையுங்கள்.

அப்புறம் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். பேட்டரி தீர்ந்த பழைய மதர்போர்டுகளில் மின்சாரம் போய் வந்தால் தேதி பின்னால் போய்விடும். நிரலுக்கு நேரம் முன்னால் தாவுவதைத் தாங்கும் திறன் இருக்கலாம், பின்னால் போவதைத் தாங்குவது அரிது.

பிறகுதான் ரீஸ்டோர் கட்டளை. வந்ததும் லாக்கைப் பத்து நிமிடமாவது பாருங்கள். நிரலைப் பொறுத்தவரை ஒரு நொடிக்கும் அடுத்த நொடிக்கும் நடுவில் எட்டு மணி நேரம் காணாமல் போயிருக்கிறது. லாகின் டோக்கன்கள் காலாவதியாகியிருக்கும். 'கடைசியாகப் பார்த்து இவ்வளவு நேரம் ஆயிற்று' என்று கணக்குப் போடும் பகுதிகள் தவறான முடிவுக்கு வரும். நிரல் உங்களுடையதென்றால், இணைப்பு அறுந்தால் திரும்ப இணையும்படி எழுதி வையுங்கள்.

8. வேறு கணினியில் மீட்பது

எங்கள் தஞ்சாவூர் அலுவலகத்தில் இன்னொரு சர்வர் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வரும் நாட்களில் கணக்கை அங்கே மாற்றிவிடுவோம். 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்த பிறகு டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

அங்கே முதலில் சேறடித்து வைக்க வேண்டியவை இவை. அதே பாட்மேன் பதிப்பு, அதே க்ரியு பதிப்பு, அதே ரன்டைம். பாட்மேன் லோட் மூலம் ஏற்றிய அதே இமேஜ். அதே பெயரில் நெட்வொர்க். வெளி அடைவுகள் அதே பாதையில், அதே உரிமைகளோடு. கெர்னல் எடுத்த கணினியில் உள்ளதற்குச் சமமாகவோ புதிதாகவோ இருக்கட்டும், பழையதற்கு இறங்காதீர்கள்.

சிபியு விஷயம் கொஞ்சம் நுட்பமானது. நிரல் தொடங்கும்போதே சி லைப்ரரி அந்த சிபியுவில் என்னென்ன வசதி இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற வேகமான வழிகளைத் தேர்ந்துகொள்கிறது. அந்தத் தேர்வு மெமரியில் பதிந்துவிடும். புதிய சிபியுவில் தொடங்கிய நிரலைப் பழைய சிபியுவில் மீட்டால், அங்கே இல்லாத கட்டளையை அழைத்து விழுந்துவிடும். மீட்டவுடனே விழுந்தால்கூடப் பரவாயில்லை, இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு விழும்போதுதான் காரணம் பிடிபடாது. எனவே இரண்டு கணினிகளில் பழைய சிபியு உள்ளதில் தொடங்கி, புதியதில் மீட்கும்படி திட்டமிடுங்கள். இன்டெல்லிலிருந்து ஆர்முக்கு மாற்றுவது எந்த விதத்திலும் முடியாது.

தயார் ஆனதும்:

சூடோ பாட்மேன் கண்டெய்னர் ரீஸ்டோர் --இம்போர்ட் /சேமிப்பு/நீர்-காலை.டார்

நேம் ஆப்ஷன் கொடுத்து வேறு பெயரிலும் மீட்கலாம், ஒரே கோப்பிலிருந்து மூன்று நகல்கள் எழுப்பவும் செய்யலாம். அப்போது ஒவ்வொன்றுக்கும் புது ஐபி கிடைக்கும். ஆனால் மூன்றின் மெமரியும் ஒன்றே. தற்செயல் எண்களை உருவாக்கும் விதையும் ஒன்றே, ஆகவே மூன்றும் ஒரே வரிசையில் ஒரே எண்களைத் தரும். மழையளவைத் தற்செயலாக மாற்றி மாற்றிப் பார்க்க நினைத்த ஒருவர், மூன்று நகலும் ஒரே விடை தந்ததைப் பார்த்துக் கணக்கு உறுதியாகிவிட்டது என்று மகிழ்ந்தார். எழுப்பிய பிறகு விதையை மாற்றச் சொல்ல நிரலில் ஒரு வழி இருந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

கும்பகோணத்தில் உள்ள பழைய கண்டெய்னரை உடனே நீக்காதீர்கள், ஆனால் அது திரும்ப எழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே கணக்கு ஓடி, ஒரே தரவுத்தளத்தில் எழுதினால், எது சரியென்று பிரித்தெடுக்க முடியாது.

9. திறந்திருக்கும் டிசிபி இணைப்புகள்

கண்டெய்னரில் திறந்த டிசிபி இணைப்பு (நெட்வொர்க் வழியாக வேறொரு நிரலோடு உள்ள தொடர்பு) இருந்தால் செக்பாயிண்ட் இயல்பாகத் தோற்கும். டிசிபி-எஸ்டாப்ளிஷ்டு என்று ஓர் ஆப்ஷன் கொடுத்து இணைப்போடு சேர்த்து எடுக்கலாம். எடுக்கும்போது கொடுத்தால் மீட்கும்போதும் கொடுக்க வேண்டும். ஐபி முகவரி மாறக் கூடாது, எனவே நேம் ஆப்ஷனோடு இதைச் சேர்க்க முடியாது.

சில நொடிகளில் மீட்கும் வேலைக்கு இது நன்றாக உதவும். எட்டு மணி நேர மின்நிறுத்தத்துக்கு உதவாது. மறுமுனை அவ்வளவு நேரம் காத்திருக்காது, இணைப்பை அறுத்துவிட்டிருக்கும். அதற்கு, எடுப்பதற்கு முன்பே இணைப்புகளை முறையாக மூடிவிடுவதே நல்லது.

10. மெமரி பெரியதாக இருந்தால்

உறைந்திருக்கும் நேரத்தைக் குறைக்க முன்-செக்பாயிண்ட் இருக்கிறது. ப்ரி-செக்பாயிண்ட் ஆப்ஷனில் மெமரி முழுவதையும் ஒருமுறை எழுதிவிட்டு நிரலை ஓட விடலாம். பிறகு வித்-ப்ரீவியஸ் கொடுத்து எடுக்கும்போது, இடையில் மாறிய பக்கங்கள் (மெமரியின் சிறு துண்டுகள்) மட்டும் எழுதப்படும். மீட்கும்போது இரண்டு கோப்புகளும் வேண்டும், முதலாவதை இம்போர்ட்-ப்ரீவியஸ் என்று காட்ட வேண்டும். முதல் கோப்பு தேவையில்லை என்று அழித்துவிட்டால் இரண்டாவதால் பயனில்லை.

மாறிய பக்கங்களைக் கெர்னல் குறித்து வைத்தால்தான் இது வேலை செய்யும். க்ரியு செக் கட்டளையை ஆல் ஆப்ஷன் சேர்த்து ஓட்டினால், அந்த வசதி இல்லையென்றால் முன்கூட்டியே காட்டிவிடும். எங்கள் கணக்கில் ஒவ்வொரு சுற்றிலும் மெமரியின் பெரும்பகுதி மாறிவிடுவதால் இதனால் பெரிய லாபம் இல்லை. பெரிய பட்டியலை ஏற்றிவைத்துப் படிக்க மட்டும் செய்யும் நிரல்களுக்கு நல்ல பலன் உண்டு.

11. தோற்றால் எங்கே பார்ப்பது

பாட்மேன் காட்டும் பிழை வரி ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நிற்கும், கூடவே லாக் கோப்பின் பாதையையும் தரும். எடுக்கும்போது தோற்றால் டம்ப்.லாக், மீட்கும்போது தோற்றால் ரீஸ்டோர்.லாக். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் போகாதீர்கள். 'எரர்' என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தைத் தேடுங்கள். அதற்குக் கீழே வருவதெல்லாம் அதன் விளைவுகள்தான்.

'கோஸ்ட் ஃபைல்' என்று வந்தால், நிரல் ஒரு தற்காலிகக் கோப்பைத் திறந்து வைத்தபடியே அழித்திருக்கிறது. பெயரில்லாத அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தை க்ரியு தானே சேமிக்கும், ஆனால் இயல்பான வரம்பு 1 எம்பி. தற்காலிகக் கோப்பை அழிக்காமல் வைக்கும்படி நிரலை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் க்ரியுவின் அமைப்புக் கோப்பில் வரம்பைக் கூட்டுங்கள்.

'பேட் சைஸ்' என்று வந்தால் ஒரு கோப்பின் அளவு மாறியிருக்கிறது. எந்தக் கோப்பு, எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்பது அதே வரியில் இருக்கும். லைப்ரரி என்றால் இமேஜ் வேறு. தரவுக் கோப்பு என்றால் செக்பாயிண்டுக்குப் பிறகு யாரோ தொட்டிருக்கிறார்கள், நகலிலிருந்து திரும்ப வையுங்கள். கடைசியில் சேர்த்து எழுத மட்டும் திறந்த லாக் கோப்புகளுக்கு க்ரியு இந்த அளவுச் சோதனையைச் செய்வதில்லை. அதனால் அவை வளர்ந்திருந்தாலும் மீட்பு நிற்காது.

மவுண்ட் சார்ந்த பிழை வந்தால் வெளி அடைவு இங்கே இல்லை, அல்லது பாதையில் ஓர் எழுத்து தவறியிருக்கிறது. அடைவை உருவாக்கிவிட்டு அதே ஏற்றுமதிக் கோப்பிலிருந்து மறுபடி முயலுங்கள். மீட்பு தோற்றதால் ஏற்றுமதிக் கோப்பு கெடுவதில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம்.

எந்தப் பிழையும் இல்லாமல் மீண்டு, உடனே நின்றுவிட்டால், அது க்ரியுவின் தோல்வி அல்ல. நிரலே எழுந்து, இணைப்பைக் காணாமலோ நேரம் தாவியதைப் பார்த்தோ வெளியேறியிருக்கும். பாட்மேன் லாக்ஸில் நிரலின் கடைசி வரிகளைப் படியுங்கள். எங்களுக்கு ஒருமுறை, 'ஐந்து நிமிடத்துக்கு மேல் பதில் இல்லையென்றால் வெளியேறு' என்று நிரலிலேயே ஒரு வரி இருந்தது. அந்த வரம்பை ஒரு நாளாக மாற்றி இமேஜைக் கட்டி, கணக்கை முதலிலிருந்து தொடங்கி, எண்ணி கண்டெய்னரில் செய்தது போலவே பத்து நிமிடம் உறைய வைத்து மீட்டுப் பார்த்துவிட்டுத்தான் அதை மூன்று நாள் ஓட்டத்துக்கு விட்டோம்.